வேலை போனதற்குப் படி கேட்ட சங்கு அண்ணாச்சி

இந்த தேசத்தில் வேலை போனதற்காகப் படி கேட்ட முதல் மனிதர் எங்கள் சங்கு அண்ணாச்சிதான். எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். அவருக்கு முன்னால் வேலை போனவர்கள் அழுதார்கள், காலில் விழுந்தார்கள், மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையை விட்டுப் போடிக்கு இறங்கினார்கள். நேரே ஆபீசுக்குப் போய், "எங்கே என் படி?" என்று கேட்டவர் அவர் ஒருவரே.

முதலாவது பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். தேவிகுளம் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளார்க்கு. அண்ணாச்சி அங்கே ஃபாக்டரியில், ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் காலைச் சங்கு ஊதுகிறவர். அவருடைய சொந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள் கொழுந்து பறிக்கும் அவர் மனைவி முத்தம்மா. அவளோ புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். ஆகவே சங்கு அண்ணாச்சி. அவர் சங்கின் கயிற்றை இழுத்தால் எதிர்மலை யானைகூட எழுந்து வேலைக்குப் புறப்படும் என்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் பெரிய துரை, இனிமேல் சங்கை ஒரு மணி நேரம் முன்னதாக ஊத வேண்டும் என்று உத்தரவு போட்டார். அண்ணாச்சி ஆபீசுக்கு வந்து துரை முன்னால் நின்றார்.

"நான் ஊதிருதேன் தொரை. சூரியனுக்கும் சொல்லியாச்சா?"

இதை இங்கிலீஷில் சொல்லவேண்டியவன் நான். முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

"முழுசாச் சொல்லுங்கய்யா," என்றார் அண்ணாச்சி. "இருட்டுக்குள்ள பொம்பளையாளு கொழுந்துன்னு நெனச்சு அட்டையைல்லா பறிச்சிட்டு வருவா. அட்டைத் தண்ணி யாரு குடிப்பா, தொரையா?"

முழுசாகச் சொன்னேன். அன்று மதியமே அவருக்குச் சீட்டுக் கிழிந்தது.

ஆறுதலாக ஏதாவது பேசலாம் என்று, பழைய இங்கிலீஷ் பேப்பர் ஒன்றில் படித்ததை அவரிடம் சொல்லிவைத்தேன். "சீமையில வேலை போனா சர்க்காரே வாராவாரம் படி குடுக்குதாம், அண்ணாச்சி. ஆபீசுக்குப் போய், 'வேலை தேடினேன், கிடைக்கலை'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"நெசமாவா? அந்த ராசாதான நமக்கும் ராசா?"

"நமக்குத் திருவிதாங்கூர் மகாராஜா. அவருக்கும் மேலே அந்த ராஜா."

"அப்பச் சரி. ரெண்டு பேருமாப் பாதிப் பாதி போடட்டும்."

சனிக்கிழமை காலை. குளித்து, திருநீறு பூசி, கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "படி கேட்டு அபேட்சை குடுக்க வந்திருக்கேன் தொரை. வேலை தேடினேன். கெடைக்கல."

துரை கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணாச்சி சாத்திய கதவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனியும்.

தேடினேன் என்று சொல்லிவிட்டுத் தேடாமல் இருக்கிற மனிதர் அல்ல. பக்கத்துத் தோட்டங்களில் கேட்டார். பாதிரியாரிடம் போய், "சங்கு ஊதினவனுக்கு மணியடிக்கத் தெரியாதா சாமி?" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வேலை இருக்கிறதா என்று விசாரித்தார். ஒரு சனிக்கிழமை பெரிய துரையிடமே, "உங்க வேலை காலியாவுற மாதிரி இருக்கா தொரை?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "கேக்காம விட்டா, தேடலன்னு சொல்லிரப்படாது பாருங்க."

எனக்குச் சிரிப்பு. முத்தம்மாவுக்கு அப்படி இல்லை. ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு ஆபீஸ் பின்பக்கம் வந்து நின்றாள். "அவுகளுக்கு நீங்களாவது சொல்லப்படாதாய்யா? எஞ்சீட்டையும் கிழிச்சிட்டா, இந்த மழையில பிள்ளைகளத் தூக்கிட்டு எங்க போவேன்?" அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவளுக்காகத்தான் சத்தம் போடாமக் கேக்கேன். ஆனா, கேக்காம இருக்க முடியாதுய்யா."

இதற்கிடையில், பொழுது விடியுமுன் பறித்த கொழுந்து, முற்றலும் அட்டையும் கலந்து, கூடை கூடையாகப் பாழாகிக்கொண்டிருந்தது. மழை விடுவதற்குள் சங்கு பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டது. காரணம் யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் அண்ணாச்சி வழக்கம்போல் அபேட்சை கொடுத்தபோது ஃபாக்டரி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் இஞ்சின் துரை அங்கே இருந்தார். எண்ணெய்க் கறை படிந்த, அதிகம் பேசாத மனிதர். இந்த ஆள் என்ன கேட்கிறான் என்று என்னிடம் விசாரித்தார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் அண்ணன் சீமையில் கப்பல் கட்டுகிற ஊரில் இருக்கிறான், வேலை போய், வாராவாரம் படி வாங்குகிற வரிசையில்தான் நிற்கிறான் என்றார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, கையில் வந்ததை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார்.

அண்ணாச்சி வாங்கவில்லை.

"நான் கேட்டது சர்க்கார் படி. இது உங்க காசு, தர்மம். இத உங்க அண்ணனுக்கு அனுப்புங்க தொரை. பாவம், அந்தக் குளிருல நிக்காக."

இதை நான் தடுமாறாமல் மொழிபெயர்த்தேன் என்று சொன்னால் பொய். இஞ்சின் துரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு பெரிய துரையின் அறைக்குள் போனார். உள்ளே சத்தம் கேட்டது. வெளியே வந்து, மறுபடியும் சங்குக்கே வந்துவிடு என்றார்.

"இப்ப ஊதுறவன் என்ன ஆவான்?"

"அவனை நிறுத்திவிடுவோம்."

"வேண்டாம் தொரை. அப்புறம் அவன் இங்க வந்து நிப்பான். வரிசை நீண்டுரும்."

கடைசியில் ஃபாக்டரிச் சக்கரத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. முத்தம்மா அன்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டாள்.

கதை அத்துடன் முடியவேண்டும். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி வந்து நின்றார். பெரிய துரையின் முகம் சிவந்தது.

"வேலை கெடச்சிட்டு தொரை. இனிமே எனக்குப் படி வேண்டாம். ரெண்டு ராசாவுக்கும் சொல்லிருங்க."

ஒரு தடவைகூட வராத படியை முறையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கும்பிட்டு, வாய்க்காலுக்குப் போனார். அன்று பெரிய துரை கதவைச் சாத்தவில்லை. அண்ணாச்சி கண்ணுக்கு மறைகிறவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஆபீசில் எல்லோரும் இருந்தோம். ஆனாலும் ஏனோ, யாருமே வராத மாதிரி இருந்தது.