வால்வைத் தொடாதீங்க

வால்வின் கைப்பிடி ரஞ்சிதாவின் கையோடு வந்துவிட்டது.

அதுவரை சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர், நூல் பிடித்தாற்போல் இறங்கத் தொடங்கியது.

"என்னடி சத்தம்?" குளியலறைக்கு வெளியே நின்ற இலக்கியா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. லேசா இறுக்கிப் பாத்தேன்."

"பிராங்க்ளின் அண்ணன் ஹீட்டரைக் கழட்டிட்டுப் போகும்போது என்ன சொன்னாரு?"

ரஞ்சிதா ஒப்பித்தாள். "வால்வைத் தொடாதீங்க. அடியில வாளிய வையிங்க. சொட்டு நிக்கலைன்னா பயப்படாதீங்க."

"இதுல நீ எதைச் செஞ்ச?"

"வாளிய வச்சேன்."

எதையும் எழுதிவைத்துச் செய்கிறவள் ரஞ்சிதா. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுவாள். மாலையில் அரசுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு. எழுதிவைத்துச் செய்த பிறகும், செய்தது சரிதானா என்று ஒருமுறை நோட்டைப் புரட்டுவாள்.

வியாழக்கிழமைக் காலை மார்கழிக் குளிரில் தலைக்குக் குளிக்க, குடிவந்ததிலிருந்து முதல்முறையாக ஹீட்டரைப் போட்டாள். அதன் விளக்கு எரியவில்லை. தண்ணீர் சுடவில்லை. தான்தான் அதைக் கெடுத்துவிட்டதாக அப்போதே முடிவுகட்டிவிட்டாள்.

குடிவந்த அன்று வீட்டுக்காரர் ஜைனுதீன் பாய் சொன்னது இரண்டே விஷயம். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. அந்த ஹீட்டர் பக்கம் போகக் கூடாது. நம்ம புதுக்கோட்டை வெயிலுக்கு அது எதுக்கும்மா?"

கல்யாணமாகாத இரண்டு பெண்களுக்கு வீடு தர முடியாது என்று ஏழு பேர் கைவிரித்த பிறகு கிடைத்த வீடு. பதினோரு மாத ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது. தேர்வுக்கு இன்னும் இரண்டே மாதம். இப்போது போய் வீடு தேடினால் படித்த மாதிரிதான்.

அதனால்தான் பாய்க்குத் தெரியாமல் சரிசெய்துவிடலாமென்று நேற்று சாயங்காலம் எலக்ட்ரீஷியன் பிராங்க்ளினைக் கூப்பிட்டாள். இன்று காலை அவர் போன் செய்தார்.

"ஏம்மா, ஹீட்டரைத் தொறந்து பாத்தேன். அதுல ஒரு சங்கதி இருக்கு. சர்ச் முடிஞ்சு நேர்ல வந்து சொல்றேன்."

அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. ரஞ்சிதா நோட்டில் 'சங்கதி' என்று எழுதி, இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாள்.

"மாடியில போயி மெயின் வால்வை மூடிட்டு வாயேன்," என்றாள் இலக்கியா.

ரஞ்சிதா ஏறிப் பார்த்தாள். துருப்பிடித்த வால்வு. ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி போதும் என்று திரும்பி வந்தாள்.

அடுத்து சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினாள். நேராக விழுந்த தண்ணீர் நாலு திசையிலும் விசிறி அடித்தது. அதில் ஒரு திசையில் சுவிட்ச் போர்டு இருந்தது. டியூபை அவிழ்த்தாள்.

இலக்கியா சமையலறையிலிருந்து ஒரு காரட்டோடு வந்தாள். "வெலகு. இதுக்கெல்லாம் நோட்டு போட்டு யோசிக்கக் கூடாது."

காரட் கச்சிதமாகப் பொருந்தியது. இருவரும் மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு முடிவதற்குள் காரட் பாய்ந்து எதிர்ச் சுவரில் மோதி, சோப்புப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு விழுந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. ஜைனுதீன் பாய்.

"நானும் வீட்ல உள்ளவங்களும் மீமிசல்ல இருந்து வந்துக்கிட்டு இருக்கோம்மா. பஸ் அறந்தாங்கி தாண்டிருச்சு. வீட்டையும் ஒரு பார்வை பாத்துட்டு, பத்திரத்துல கையெழுத்தும் போட்டுருவோம்."

ரஞ்சிதா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். ஹீட்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு மேலே இரண்டு கொக்கிகள்.

"ஹீட்டர் இல்லைன்னு பாத்த ஒடனே தெரியும்டி."

"அப்ப ஹீட்டர் இருக்கணும்," என்ற இலக்கியா, மூலையில் கிடந்த இருபது லிட்டர் காலி தண்ணீர்க் கேனை எடுத்தாள்.

கேனுக்குப் புது வெள்ளைத் தலையணை உறையைப் போட்டு, துப்பட்டாவால் கொக்கிகளில் கட்டினார்கள். பிராங்க்ளின் விட்டுப்போன பைப்பின் ஒரு முனையை வால்வில் திருகி, மறுமுனையைக் கேனின் வாய்க்குள் விட்டதும் சத்தமே நின்றுபோனது. பாதிக் கண்ணை மூடிப் பார்த்தால் ஹீட்டர்தான்.

"கேன் நெறைஞ்சா?"

ரஞ்சிதா அதற்கும் கணக்குப் போட்டிருந்தாள். ஒரு லிட்டர் சொம்பு இரண்டு நிமிடத்தில் நிரம்பியது. "நாப்பது நிமிஷம். முப்பத்தஞ்சுல அவங்களை அனுப்பிரணும்."

அதுவரை பைப்பை வாளியில் விட்டுவைத்து, நாலு மணிக்கு வாசலில் குரல் கேட்டதும் மறுபடி கேனுக்குள் விட்டாள். பாயும் மனைவியும் வந்தார்கள். பாய் செருப்பைக் கழற்றியதும் நேராகக் குளியலறைப் பக்கம் போனார். கதவை ஒரு கையகலம் திறந்தார். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினார்.

"ஹீட்டரைப் போடலைல்ல?"

"அங்கிட்டே போறதில்ல, பாய்."

"நல்லது, நல்லது," என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவர் மனைவி ரம்லத் பீவி சாவகாசமாக உட்கார்ந்து, மீன் வறுவல் டப்பாவைத் திறந்து வைத்தார். "சாப்புடுங்கம்மா. ரெண்டு பேரும் துரும்பா எளைச்சுப் போயிட்டீங்க. பரீட்சை எப்ப?"

பத்து நிமிடம். இலக்கியா டீ கொண்டுவந்தாள். பதினெட்டு. பாய் ஊதி ஊதிக் குடித்தார். இருபத்தைந்து. ரஞ்சிதா பத்திரத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். கணக்கில் இன்னும் நேரம் இருந்தது.

தண்ணீருக்கு எடை உண்டு என்பதை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

குளியலறையில் 'சர்ர்ர்' என்று துப்பட்டா கிழிந்தது. அப்புறம் 'தொம்'. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் புறப்பட்டுக் கூடத்துக்கு வந்தது. அதன் முன்னால் காரட் மிதந்து வந்தது.

பாய் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். தலையணை உறைக்குள் கேன் குப்புறக் கிடந்தது.

ரஞ்சிதா நோட்டை எடுத்து வியாழக்கிழமையிலிருந்து ஒன்று விடாமல் வாசித்தாள். "ஹீட்டரை நான்தான் கெடுத்துட்டேன் பாய். வால்வையும் ஒடச்சிட்டேன். ஒழுகல் தெரியாம இருக்க வெறும் கேனை மாட்டி ஒங்களை ஏமாத்தப் பாத்தோம். தப்புதான். ஆனா பரீட்சை வரைக்குமாச்சும்..."

பாய் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. விறுவிறுவென்று வந்து பேனாவைத் திறந்தார்.

"பரவாயில்லம்மா. எங்கிட்டுப் போடணும்? இங்கிட்டா?" போட்டார். "பதினோரு மாசம் என்ன, எத்தனை வருசம் வேணும்னாலும் இருங்க. நாளைக்கே ஆள் விட்டுக் குழாயை மாத்தித் தாரேன்."

ரஞ்சிதா கையெழுத்தை ஒருமுறை பார்த்தாள். சந்தேகமாக இன்னொரு முறை பார்த்தாள். கையெழுத்துதான். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதுவரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த ரம்லத் பீவிக்கு அதற்குமேல் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏங்க, இந்த ஒழுகலை மறைக்க நீங்க காயலான் கடையில இருந்து செத்த ஹீட்டரை வாங்கியாந்து மாட்டுனீங்களே, இந்தப் புள்ளைங்க புதுத் தலகாணி உறையாச்சும் போட்டிருக்குதுங்க!"