ஒரு மதர்போர்டும் தேங்காய்ச் சட்னியும்

செத்துப்போன கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்தவனுக்கு இந்த நாட்டில் மரியாதை கிடையாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. (கோபத்தில்தான் சொல்கிறேன். எழுத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.) மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்த ஒரு மதர்போர்டை, திருவிடைமருதூரில், ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு நான் பிழைக்க வைத்தேன். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் என்ன என்பதைப் படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. என் வயதுப் பையன்கள் சம்பாதித்து பைக் வாங்கினார்கள். நான் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்ட மதர்போர்டுகளை வாங்கி வந்து, எது ஏன் செத்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் வந்த போர்டு என்றால் சாப்பாடு வேண்டாம். என் கட்டிலுக்கு அடியில் இருந்த சேகரிப்புக்கு அம்மா வைத்த பெயர் சுடுகாடு. பெண் வீட்டார் வரும்போதெல்லாம் அதன் மேல் ஒரு ஜமுக்காளத்தைப் போட்டு மூடிவிடுவார்.

கயல்விழியைப் பெண் பார்க்கப் போனபோது ஜமுக்காளம் பயன்படவில்லை. யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். "பழைய மதர்போர்டெல்லாம் சேக்கறீங்களாமே, எதுக்கு?" என்று நேராகவே கேட்டாள். நான் கெப்பாசிட்டர் உப்புவதிலிருந்து ஆரம்பித்துப் பேசினேன். காபி ஆறிப்போய் ஏடு கட்டியது. அவள் கொட்டாவி விடவில்லை. உலகத்தில் எனக்கென்று அப்படி ஒரு ஜீவன்தான் இருக்க முடியும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இடையில் நின்றது ஒரே ஒரு ஆள். கயலின் பெரியப்பா நாகலிங்கம். திருவிடைமருதூரில் முதன்முதலில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டியவர். அன்று வாங்கிய அதே மெஷினில்தான் இன்றும் ஜாதகம் கணிக்கிறார். அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் பொருத்தம் பார்த்தது அது. அது அச்சடித்துத் தராமல் தட்டு மாற்ற மாட்டார்கள். ஆனி மாதம் முடிய ஒரு வாரம். ஆடி பிறந்துவிட்டால் பேச்சு நின்றுபோகும். பின்னாலேயே கோயம்புத்தூரில் சொந்த வீடு வைத்திருக்கிற ஒரு வரன் வரிசையில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து மெஷின் படுத்துவிட்டது.

"மெஷின்ல திரையே வரலைம்மா. நேரம் சரியில்ல போலருக்கு" என்று பெரியப்பா போனில் சொல்ல, என் அம்மா என்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்தார்: "அதுக்கென்னங்க, எம் பையன் கைய வெச்சான்னா எழுந்து உக்காந்துடும்!" (சுடுகாடு என்று சொன்னதும் இதே வாய்தான்.)

சனிக்கிழமை காலையில் சால்டரிங் அயர்ன், மீட்டர் சகிதம் பாபநாசம் வழியாகப் பஸ்ஸில் போய் இறங்கினேன். புதுச்சட்டை, சென்ட். வாசலிலேயே "வாங்க மாப்பிள்ள" என்றார் பெரியப்பா. இந்த 'மாப்பிள்ள'யைக் கவனித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அது படப்போகிற பாடு இருக்கிறதே!

கேபினெட்டைத் திறந்ததும் நோய் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்துப் போர்டுகளில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பேட்டரியை ஒட்டவைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தேதி, நேரத்தை ஞாபகம் வைத்திருக்க. வயதானால் அது ஒழுகும். ஒழுகியது சுற்றிலும் பச்சைப் பாசி பிடித்தமாதிரி படர்ந்து, தலைமுடி அளவு செம்புக் கம்பிகளை அரித்துவிட்டிருந்தது. புளிப்பாக எதையாவது போட்டுக் கழுவினால்தான் போகும்.

"ஒரு எலுமிச்சம்பழம் கிடைக்குங்களா?" என்றேன்.

வீடே மலர்ந்துவிட்டது. "பாத்தியா, படிச்ச புள்ளையா இருந்தாலும் திருஷ்டில நம்பிக்க இருக்கு!" என்று கயலின் அம்மா பழத்தை இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். குங்குமம் இல்லாத பழம் வேண்டும் என்று நான் சொன்னதும் அந்த மலர்ச்சி பாதி வாடியது. சாற்றை போர்டில் தேய்த்தபோது மீதியும் வாடியது.

தேய்த்து, கழுவி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, ஒழுகின பேட்டரியை வெட்டி எறிந்து, அறுந்த இடங்களில் மெல்லிய கம்பி வைத்து ஒட்டினேன். சாயங்காலம் சுவிட்சைப் போட்டபோது, 'கீச்' என்று ஒரே ஒரு சத்தம். போர்டு நலம் என்று அர்த்தம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெரியப்பா எழுந்து நின்றார்.

"கௌளி சொல்லுது! எந்தப் பக்கத்துலேர்ந்து மாப்பிள்ள சத்தம் வந்துது?"

"ஸ்பீக்கர்லேர்ந்துங்க."

"ஸ்பீக்கர் எந்தத் திசை?"

கிழக்கு என்று தெரிந்ததும்தான் உட்கார்ந்தார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. புதுப் பேட்டரியையும் அதை மாட்டுகிற கூட்டையும் தஞ்சாவூரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். (சென்ட் பாட்டில் மறக்கவில்லை.) அலட்டிக்கொள்ளாமல் சொன்னேன்: "பேட்டரி சும்மா தேதிக்குத்தாங்க. பெரிய விஷயமில்ல."

"தேதிதான மாப்பிள்ள என் தொழிலு?"

"கையால இன்னிக்குத் தேதியப் போட்டுட்டேன். நாளைக்கு நிச்சயம் முடியற வரைக்கும் மெஷின அணைக்காதீங்க. போதும்."

அணைக்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். யாரும் அணைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று நாங்கள் வந்து உட்கார்ந்தோம். கேசரி வந்தது. வடை வந்தது. உள்ளே சட்னிக்கு மிக்சி அலறியது. அலறல் பாதியில் நின்றது. மின்விசிறியும் நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுபடி சுற்றியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று குரல் வந்தது. ஒரு மெக்கானிக் அந்த இடத்தில் துள்ளி எழுந்திருக்க வேண்டும். ஆனால் நான் அன்று மெக்கானிக் இல்லை, மாப்பிள்ளை. வாயில் வேறு வடை.

முன்னறையில் மெஷின் தானே மறுபடி எழுந்து, தேதி தொலைந்துபோய்விட்டது என்று ஆங்கிலத்தில் பெரியப்பாவிடம் முறையிட்டிருக்கிறது. அது எதைக் கேட்டாலும் ஒரே பொத்தானை அழுத்துவது அவர் பழக்கம். அழுத்திவிட்டார். பேட்டரி இல்லாத போர்டு தேதி தெரியாமல் போனால் நேரே 1980 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். போய் உட்கார்ந்துகொண்டது.

பிரின்டர் கரகரவென்று அடித்து முடித்தது. பெரியப்பா தாளைக் கிழித்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்று, கல்வெட்டு வாசிப்பதுபோல் வாசித்தார்.

"வரன் பெயர் சரவணன். நட்சத்திரம் சுவாதி. துலாம் ராசி. நடப்பு வயது..."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கழித்தல் பதினாலு."

"என்னது?" என்றார் அம்மா.

"தம்பி பொறக்க இன்னும் பதினாலு வருஷம் இருக்குதும்மா."

(தம்பி! ஒரே வடை நேரத்தில் மாப்பிள்ளை தம்பியாகிவிட்டேன்.)

"பெத்தவ நான் இங்க உக்காந்திருக்கேன்! எனக்குத் தெரியாதா?" அம்மா எழுந்தேவிட்டார்.

"நான் சொல்லலம்மா, மெஷின் சொல்லுது. இத்தன வருஷத்துல அது ஒருத்தரையும் இப்படிச் சொன்னதில்ல. நேத்து இவரு கைய வெச்சாரு, இன்னிக்கு இப்படிச் சொல்லுது."

இவரு! தம்பியும் போய்விட்டது.

"ஐயா, மெஷின் தேதி மாறியிருக்கும். கரண்ட் போச்சா?" என்று கத்தினேன்.

கயலின் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். "கரண்டெல்லாம் போகலியே! சட்னி அரைக்கறப்ப ஃபியூஸ்தான் போச்சு."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன பேச முடியும்? பேசினேன். பேட்டரி, 1980, ஒழுகல் எல்லாவற்றையும் விளக்கினேன். பிறந்த தேதியை வைத்துத்தான் பொருத்தம் கணிக்கப்படுகிறது, அதில் தப்பு வர வழியே இல்லை, வயது ஒன்றுதான் இடறும் என்றேன். அத்தனையும் சத்தியமான தொழில்நுட்ப உண்மை. ஒருவரும் கேட்கவில்லை. ஒருத்தர் மட்டும் கோயம்புத்தூர் வரனின் பெயரை முணுமுணுத்தது எனக்கு நன்றாகக் கேட்டது. மணி நாலு இருபது.

அறைக் கதவோரத்திலிருந்து கயல் கேட்டாள்: "பெரியப்பா, எனக்கு எவ்ளோ போட்டிருக்கு?"

அவர் தாளைப் பார்த்தார். "உனக்குக் கழித்தல் பதினாறு."

"அப்ப அவரு ரெண்டு வயசு மூத்தவருதான? கீழ படிங்க. பொருத்தம் எத்தன?"

"பத்துக்கு எட்டு."

"அப்பறம் என்ன? ரெண்டு பேருமே பொறக்கல, அதுலயும் பொருத்தம்தான். ராகு காலம் வந்துரும், தட்ட மாத்துங்க."

மாற்றினார்கள். நான் இருபது நிமிடம் தொண்டை கிழியச் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். அவள் சொன்னால் புத்திசாலித்தனம், நான் சொன்னால் சமாளிப்பு!

தாளைத் தேதி மாற்றி மறுபடி அச்சடிக்கவும் பெரியப்பா ஒப்பவில்லை. மெஷின் ஒருமுறை சொன்னால் சொன்னதுதானாம். அதை லேமினேட் செய்து கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். மறுவீட்டுக்குப் போனபோது எல்லாரும் விருந்து சாப்பிட, நான் மேஜைக்கு அடியில் பட்டுவேட்டியோடு படுத்துப் பேட்டரிக் கூட்டை ஒட்டினேன். அன்றிலிருந்து அந்த போர்டு ஒரு நொடி பிசகவில்லை. அதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

கல்யாணமாகி மூன்று வருடம். போன பிறந்தநாளுக்குக் கயல் வாங்கி வந்த கேக்கில் '-11' என்று எழுதியிருந்தது. வீட்டில் நான் எதற்காவது கருத்துச் சொன்னால், பெற்ற தாயே, "பொறக்கட்டும், அப்பறம் பேசலாம்" என்கிறார்.

போன வாரம்கூட, நான் லேபில் இருக்கும்போது மாமியாரிடமிருந்து போன்.

"மாப்பிள்ள, பொறந்துதான இருக்கீங்க?"

"பொறந்துதான் இருக்கேன் அத்த."

"ஒண்ணுமில்ல. இப்பதான் ஃபியூஸ் போச்சு, அதான் கேட்டேன்" என்றார். பின்னணியில் மிக்சி மறுபடி அலற ஆரம்பித்தது.