டோம்பிவிலி ஃபாஸ்ட்டும் ஒற்றைக் காலும்

மும்பை லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கப் பழகியவனுக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்வான எண்ணம் இருக்கும். எனக்கு நிறையவே இருந்தது. டோம்பிவிலியிலிருந்து தாதர் வரை, டோம்பிவிலி ஃபாஸ்ட் ரயிலில், ஒரு கையில் டிஃபன் பையும் மறு கையில் மொபைலுமாக நின்றே போகிறவன் நான். அந்தத் திமிரில்தான் மாட்டுங்காவின் ஒரு கூடைப்பந்து மைதானத்தில், ஊர் பார்க்க என் மானம் கப்பலேறியது.

மகள் மகேஸுக்கு அப்போது பதின்மூன்று வயது. கூடைப்பந்து என்றால் உயிர். ஞாயிறுதோறும் பயிற்சிக்கு நான்தான் அழைத்துப் போவேன். போனால், பந்தையே காணோம். ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். தொடையில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கிறார்கள். சின்னப் பெட்டி மேலிருந்து குதித்து, சத்தமில்லாமல் இறங்குகிறார்கள். (இதுக்கா ஞாயித்துக்கிழமை தூக்கத்தக் கெடுத்தேன்?)

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கோச்சிடம் போனேன். அவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், என்னைவிட ரொம்பச் சின்னவர்.

"ஏம்மா, பந்து எங்க? இது என்ன சர்க்கஸா?"

"குதிக்க யாருக்கும் வரும், அங்கிள். இறங்கத் தெரியலேன்னா முட்டி போயிடும். அப்புறம் ஆட்டமே கிடையாது."

"ஒத்தக் கால்ல நிக்க ஒரு டிரெய்னிங்கா? டோம்பிவிலி ஃபாஸ்ட்ல வருசக்கணக்கா நிக்கேன். கண்ண மூடிட்டு அரை நிமிசம் நின்னு காட்டுதேன். நின்னுட்டா, இன்னையோட மகளக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"விழுந்துட்டா?"

"அப்புறம் வாயே தொறக்க மாட்டேன்."

மகேஸ் ஓடி வந்தாள். "அப்பா, மத் கரோ! வேணாம்ப்பா, ப்ளீஸ்!" அடுத்த வாரம் அணித் தேர்வு. அவள் கண்ணில் தண்ணீர். பார்த்தும் வீம்பு என்னை விடவில்லை. கோச் அவளையும் கண்ணை மூடச் சொல்லி என் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிறுத்தினார்.

கண்ணை மூடிக் காலைத் தூக்கியதுமே ஞானம் பிறந்துவிட்டது. டோம்பிவிலி ஃபாஸ்ட்டில் நான் நின்றதே இல்லை. முன்னால் ஒருவர் முதுகு, பின்னால் ஒருவர் வயிறு, இரு பக்கமும் தோள்கள். இத்தனை வருடமும் அவர்கள்தான் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே விழ இடமில்லை. இங்கே மைதானம் முழுக்க இடம்.

இத்தனை வருடம் கைப்பிடியைத் தொடாத என் கை தானாக மேலே போய் அதைத் தேடியது. (மைதானத்தில் யார் கட்டித் தொங்கவிடுவார்கள்?) அடுத்த நொடி, பந்துகள் இருந்த வலைப்பையின் மேல் பொத்தென்று விழுந்தேன். பந்து எங்கே என்று கேட்டேன் அல்லவா, எல்லாம் நாலா பக்கமும் உருண்டு வந்தன. பிள்ளைகளும் பெற்றோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தரையில் கிடந்தபடி நிமிர்ந்து பார்த்தேன். மகேஸ் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்து ஈரம் காயவில்லை. உருண்டு வந்த பந்து ஒன்று அவள் ஷூவில் இடித்தது. கணுக்கால் லேசாக நடுங்கியது, பிறகு தானே சரிசெய்துகொண்டது. இடுப்பும் முதுகும் அசையவே இல்லை. ரோட்டைக் கடக்கும்போது இந்தப் பிள்ளையின் கையையா நான் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்? நான் பெற்ற பிள்ளையை அன்றுதான் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தேன்.

"அப்பா விழுந்தாச்சா?" மூடிய கண்ணோடே கேட்டாள்.

"விழுந்தாச்சும்மா. நீ நில்லு."

அவளுக்கு அணியில் இடம் கிடைத்தது. போன மாதம் ஒரு ஆட்டத்தில், இரண்டு உயரமான பெண்கள் அந்தரத்திலேயே அவளை இடித்துத் தள்ளினார்கள். ஒற்றைக் காலில் பூப்போல இறங்கினாள், நின்றாள், பந்தும் கையிலேயே இருந்தது. எழுந்து நின்று கத்தினேன்.

என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் விழுந்த கதை தெரிந்த நாளிலிருந்து வீட்டில், கல்யாண மண்டபத்தில், நான் எங்கே எழுந்தாலும் அவள் சொல்வது இதைத்தான்:

"நீங்க உக்காருங்க. நிக்கதெல்லாம் அவ பாத்துக்கிடுவா."