டார்ச் மேஸ்திரியின் ஸ்கேல்

பெங்களூர் அடுகோடியில் அந்த நாளில் நேராக இருந்த ஒரே ஆசாமி டார்ச் மேஸ்திரிதான். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். ரோடு கோணல், ரோடு போட்ட கான்ட்ராக்டர் கோணல், முதலாளியின் கணக்கு கோணல், அதை உட்கார்ந்து எழுதுகிற நான் படு கோணல். பட்டப்பகலில் கையில் டார்ச் லைட்டோடு திரிகிற மனிதர் மட்டும் நேர்.

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பத்தூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த எனக்கு, அங்கே ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் பில் எழுதும் வேலை கிடைத்தது. பெங்களூரெங்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டரை அந்தரத்திலா வைக்க முடியும்? மேஜை வேண்டுமே. அதைச் செய்துகொடுத்து நாங்கள் பிழைத்தோம். அந்தப் பட்டறையின் மெஷின்களுக்கு மேஸ்திரி அவர். ஞானஸ்நானத்தில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, ஒருவருக்கும் நினைவில்லை. அவர் மனைவியே "டார்ச்சு கிளம்பிட்டாரா தம்பி?" என்றுதான் என்னிடம் கேட்பார்.

டார்ச்சுக்குக் காரணம் ஜாயின்டர் என்கிற மெஷின். பலகையின் ஓரத்தை நேராகச் சீவிக் கொடுப்பது அதன் வேலை. முன்னால் ஒரு இரும்பு மேஜை, பின்னால் ஒன்று, நடுவில் சுற்றுகிற கத்தி. இரண்டு மேஜையில் ஒன்று இம்மி சாய்ந்தாலும் பலகை வில்லாக வளைந்து வரும். அதனால் மேஸ்திரி இரண்டையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றி, மேலே தன்னுடைய ஆள் உயர இரும்பு ஸ்கேலை நீளவாக்கில் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னால் குனிந்து பார்ப்பார். ஸ்கேலுக்கு அடியில் கீற்றாக ஒளி தெரிந்தால், "வெளிச்சம் வருது" என்பார். டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொல்கிற குரல் அது.

பிறகு வைத்தியம் ஆரம்பிக்கும். சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கிற ஜிகினாத் தாளை மடித்து மடித்து மேஜைக்கு அடியில் செருகுவார். அவருக்கோ சிகரெட் பழக்கம் கிடையாது. பாக்கெட் வாங்கித் தாளை உருவிக்கொண்டு, சிகரெட்டைத் தெருவில் போகிறவர்களுக்குத் தானம் செய்துவிடுவார். அடுகோடியில் பாதிப் பேருக்கு இருமல் வந்தது எங்கள் ஜாயின்டரால்தான்.

அந்த ஸ்கேலை மனைவியின் பட்டுப்புடவையில் சுற்றி வைத்திருந்தார். ஒரு விளிம்பில் சிவப்புப் பெயின்ட்டில் சிலுவை போட்டிருக்கும். அந்த விளிம்புதான் எப்போதும் கீழே இருக்க வேண்டும். வேறு பட்டறை மெஷின்களைப் பார்க்க வெளியே போனால் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்வது என் உத்தியோகம். பில் எழுதியதை விட ஸ்கேல் பிடித்ததுதான் அதிகம்.

அப்படிப் போகும்போதுதான் ஹோசூர் ரோட்டுப் பள்ளம் ஒன்றில் விழுந்தோம். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் ஸ்கேல், அதன்மேல் ஸ்கூட்டர். நான் எழுந்து பார்த்தால் மனிதர் ஸ்கேலை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, கர்த்தர் காப்பாத்திட்டாருப்பா. ஒண்ணும் ஆகலை."

"மேஸ்திரி, முட்டியில ரத்தம் கொட்டுது!"

"உன் முட்டிய யார் கேட்டா? ஸ்கேலுக்கு ஒண்ணும் ஆகலைங்கறேன்."

அதற்குப் பிறகுதான் உலகம் கெட்டுப்போனது. பாய் டீக்கடைப் பலகையில் ஸ்கேலை வைத்தார். வெளிச்சம். சலூன் பெஞ்சில் வைத்தார். வெளிச்சம். "லாரி ஓடி ஓடி பூமியே நடுவுல குழிஞ்சுடுச்சு தம்பி" என்றார். டீக்கடை பாய் கொதித்துப்போனார். "க்யா மேஸ்திரி, இத்தினி வருஷம் இந்தப் பலகையிலதானே டீ குடிச்சே? ஒரு நாளாவது கிளாஸ் உருண்டுச்சா?" மேஸ்திரியோ, கோணல் பலகையில் வைத்த டீ என்று அதைக் குடிக்காமலே எழுந்து வந்தார்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணப் பேச்சு அப்போதுதான் வந்தது. ஸ்டெல்லா பாலர் பள்ளி டீச்சர். சர்ச் பாட்டுக் குழுவில் பழக்கமான தாஸ் என்கிற தச்சுவேலைக்காரப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நல்ல பையன், நல்ல குரல். மாப்பிள்ளை வீடு பார்க்க ஆஸ்டின் டவுனுக்குக் கிளம்பினோம். மேஸ்திரி, அவர் மனைவி, நான். நான் எதற்கு என்று கேட்காதீர்கள். ஸ்கேலுக்கு இன்னொரு முனை இருக்கிறதே.

பட்டுப்புடவை சுற்றிய நீளப் பொட்டலத்தைப் பார்த்து தாஸின் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எதுக்கு சம்மந்தி இதெல்லாம்?" என்றார் பாவம். தாஸ் தன் கையால் செய்த தேக்கு பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள். கேக் வந்தது, மிக்சர் வந்தது. மேஸ்திரி எதையும் தொடவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க" என்றார்.

ஜெபம் பண்ணப்போகிறார் என்று நினைத்து எல்லாரும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தபோது பெஞ்சின்மேல் ஸ்கேல் நின்றது. மேஸ்திரி தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் வருது. பெஞ்ச நேரா செய்யத் தெரியாதவன் குடும்பத்த எப்படி நேரா நடத்துவான்? வாங்க போலாம்."

தாஸ் குனிந்து பெஞ்சைத் தடவிப் பார்த்தான். அவன் அம்மா பேசினார். அதை அச்சில் ஏற்ற முடியாது.

அன்றிலிருந்து ஸ்டெல்லா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், சோறு போடுவாள், போய்விடுவாள். நான் போனபோது மட்டும் கதவருகில் வந்து, "அண்ணா, ஞாயித்துக்கிழமை தாஸுக்கு கோலார் பக்கம் கே.ஜி.எஃப்.ல பொண்ணு பாக்கப் போறாங்களாம்" என்றாள். பில் எழுதுகிறவன் என்ன செய்ய முடியும்?

அந்த வாரம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மீட்டிங் மேஜை போக வேண்டியிருந்தது. பலகைகளை ஓரத்தோடு ஓரம் ஒட்ட வேண்டும். மேஸ்திரி ஜாயின்டரில் ஸ்கேல் வைத்தார். வழக்கம்போல் நடுவில் வெளிச்சம். தாளைச் செருகி நடுவைத் தூக்கினார். ஸ்கேல் கச்சிதமாக உட்கார்ந்தது. பலகைகளைச் சீவி இரண்டைச் சேர்த்துப் பிடித்தால், நடுவில் ஒரு பல்லி நுழையலாம். மறுபடி தாள், மறுபடி சீவல். பலகை இளைத்ததே தவிர இடைவெளி போகவில்லை. முதலாளி வாசலில் நின்று, "ஆய்த்தா மேஸ்திரி?" என்று கன்னடத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். முடிந்ததா என்று அவர் கேட்கக் கேட்க மேஸ்திரிக்குக் காது சிவந்தது. செருகிய தாளையெல்லாம் பிடுங்கி எறிந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேஸ்திரி கோபத்தில் ஸ்கேலைப் புடவையிலிருந்து உருவி, மெஷின்மேல் வைத்து, டார்ச் அடித்தார். இந்தத் தடவை நடுவில் வெளிச்சம் இல்லை. இரண்டு ஓரத்திலும் இருந்தது. ஸ்கேல் சீசா பலகை மாதிரி ஆடியது.

குனிந்து பார்த்தேன். சிவப்புச் சிலுவை மேலே இருந்தது. அவசரத்தில் தலைகீழாக வைத்திருக்கிறார்.

அவரும் பார்த்துவிட்டார். திருப்பி வைத்தார். மேஜை நடுவில் குழி. மறுபடி தலைகீழாக வைத்தார். அதே மேஜை நடுவில் மேடு. ஒரே மேஜை எப்படிக் குழியாகவும் மேடாகவும் இருக்கும்? மேஸ்திரி மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹோசூர் ரோட்டில் அடிபட்டது என் முட்டி மட்டுமில்லை, ஸ்கேலும்தான் என்பது இரண்டு பேருக்கும் புரிந்தது.

"தம்பி, யாராவது பாத்தாங்களா?"

"நான்தான் பாத்தேன்."

"நீ வெளிய சொல்லுவியா?"

"நீங்க சொன்னா சொல்றேன் மேஸ்திரி."

அவர் நினைத்திருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, புது ஸ்கேல் வாங்கிக்கொண்டு, எப்போதும்போல் நிமிர்ந்து நடந்திருக்கலாம். ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு புடவையைச் சுற்றாமல் வெறும் ஸ்கேலைத் தோளில் வைத்தார். "மறுமுனையப் பிடி" என்றார்.

முதலில் டீக்கடை. "பாய், உம் பலகை நேரு. எஞ் ஸ்கேல்தான் கோணல்." பாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டீயைப் பலகையில் வைத்தார். மேஸ்திரி நின்றபடியே குடித்து முடித்தார். அடுத்து சலூன். மத்தியான வெயிலில் இரும்பைச் சுமந்துகொண்டு, பழித்த இடத்திலெல்லாம் நின்று மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போதுகூடக் கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற குரல்தான். அதை மாற்ற அவருக்குத் தெரியாது.

அப்புறம் வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். அவள் ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்டின் டவுனில் ஸ்கேலைப் பார்த்ததும் தாஸின் அம்மா கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்கம்மா. உங்க பையன் மேல தப்பில்ல. இந்த ஸ்கேல் வளைஞ்சு கிடந்திருக்கு. அது தெரியாம நான் ஊரையே வளைஞ்சதுன்னேன்."

அந்த அம்மா லேசில் விடுகிறவர் இல்லை. "அப்போ எங்க பையன் பெஞ்சு நேரா? அதையும் உங்க வாயால சொல்லுங்க."

மேஸ்திரி பெஞ்சைப் பார்த்தார். கையில் நம்பக்கூடிய ஸ்கேல் இல்லை. டார்ச் லைட்டைக்கூட பட்டறையிலேயே விட்டு வந்திருந்தார். முதல் தடவையாக அவருக்குத் தீர்ப்பு வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா. ஸ்டெல்லா, நீ உக்காந்து பாத்து சொல்லு."

ஸ்டெல்லா போய் உட்கார்ந்தாள். தாஸ் கதவோரம் மூச்சு விடாமல் நின்றான். அவள் பெஞ்சைப் பார்க்கவேயில்லை.

"நேராத்தான் இருக்குப்பா" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது. கே.ஜி.எஃப். பயணம் நின்றது. கல்யாணக் கேக்கை மேஸ்திரிதான் வெட்டவிடாமல் நெடுநேரம் நிறுத்தி வைத்தார். கத்தி சாய்வாம்.

இன்றைக்கு நான் பெங்களூரிலேயே வைட்ஃபீல்டில் இருக்கிறேன். மேஸ்திரி வந்தால் என் வீட்டு அலமாரி, ஜன்னல், சாப்பாட்டு மேஜை எதுவும் தப்பாது. புது ஸ்கேல், புது டார்ச், பழைய வாய். என் மனைவி சிரிப்பை அடக்க சமையலறைக்குள் ஓடிவிடுவாள். ஸ்டெல்லா வீட்டிலும் கட்டில் முதல் கோழிக்கூடு வரை அளந்து தாஸைத் திட்டித் தீர்த்துவிட்டார். அந்தத் தேக்கு பெஞ்சு ஒன்றுதான் பாக்கி. அதன் பக்கம் ஸ்கேலைக் கொண்டுபோவதில்லை. போன மாதம் நானே கேட்டேன்.

"அத மட்டும் ஏன் மேஸ்திரி விட்டு வெச்சிருக்கீங்க?"

கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். பலகையை ஒரு தட்டு தட்டினார்.

"எதுக்குப்பா, அது சரியாத்தான் இருக்கும்" என்றார்.