ஏழு நாள் ஈரச்சாக்கு

கொத்தனாருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பகல் முழுக்கக் குனிந்து தரை பூசிவிட்டு வந்தவர், வீட்டிலும் குனிந்துகொண்டு பூ ஜாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். ஏழு லில்லிப் பூக்கள். அதில் ஒன்று லேசாகத் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

"ஏய், நிமிந்து நில்லு. அவ திரும்பி வர்ற வரைக்குமாவது தாங்கு," என்றார் அதனிடம்.

வினை ஒரு வாளியில் ஆரம்பித்தது. சாந்து அப்பியிருந்த தன் கால்சட்டையையும், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மனைவியின் வெள்ளைச் சீருடையையும் ஒன்றாக ஊறப்போட்டு மறந்துவிட்டார். அவள் எடுத்துப் பார்த்தபோது சீருடை ஆள் இல்லாமலே நின்றது.

"இத்தனை வருஷமா சிமெண்டோட மாரடிக்கிறீங்க. அது இறுகும்னு தெரியாதா?"

தெரியும். ஆனால் 'என் தப்புதான்' என்று சொல்லும் வாயைக் கடவுள் அவருக்கு வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பூ வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை அவள் கண் சிவந்து, மூக்கு வீங்கி, கைக்குட்டையும் பையுமாக வாசலில் நின்றாள். "கொஞ்ச நாள் தம்பி வீட்டுல இருந்துட்டு வரேன்."

விடிய விடிய அழுதிருக்கிறாள் என்று கொத்தனார் முடிவு கட்டினார். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"சாப்டீங்களா? பூ எப்படி இருக்கு?"

கொத்தனாருக்குப் பொறி தட்டியது. சோதனை வைக்கிறாள்! பூ வாடினால் அவள் திரும்ப மாட்டாள். வாழ்க்கையே அந்த ஜாடிக்குள் நிற்கிறது.

மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஓடினார்.

"தண்ணியில துளி சர்க்கரை போடுங்கண்ணே," என்றாள் அவள்.

துளி என்பது கொத்தனார் கணக்கில் வராத அளவு. ஒன்றுக்கு நாலு என்று கலவை போட்டார். காலையில் சம்பள நாள் வரிசை மாதிரி எறும்பு, கதவிலிருந்து ஜாடி வரை நின்றது.

"அதுக்கு ஒரு சொட்டு பிளீச்சிங் விட்டா போதும்," என்றாள் தையல்காரம்மா.

அவர் கரண்டியால் விட்டார். எறும்பு போனது. இலையும் வெளுத்துப் போனது.

"தண்டைச் சாய்வா வெட்டி நல்ல தண்ணியில வைங்கண்ணே. எதால வெட்டுவீங்க?"

"டைல்ஸ் வெட்டுற மிஷின் இருக்கே!"

சாய்வாகத்தான் வெட்டியது. ஆனால் முழத் தண்டு விரலளவு ஆனது. பூக்கள் ஜாடியை விட்டு டீ டம்ளருக்குக் குடிபெயர்ந்தன.

"பழத்துப் பக்கத்துல வச்சா பூ சீக்கிரம் வாடிடும்," என்று அவள் போகிறபோக்கில் சொல்லிவைக்க, வீட்டிலிருந்த ஒன்பது வாழைப்பழத்தையும் ஒரே மூச்சில் தின்றார். அடுத்த நாள் வேலைக்குப் போக முடியவில்லை. காரணத்தை மேஸ்திரியிடம் சொல்லவும் முடியவில்லை.

கழிப்பறைக்கும் டம்ளருக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தபோதுதான் புத்தி வந்தது. "அட மடையா! பூசின சுவரையே ஏழு நாள் ஈரச்சாக்கு போத்திக் காப்பாத்துறவன், ஏழு பூவைக் காப்பாத்த மாட்டேனா?"

குளிர்ந்த மூலையில் டம்ளரை வைத்து, நாலு குச்சி நட்டு, மேலே ஈரச்சாக்கைப் பந்தலாகப் போட்டார். வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தார். தொங்கின தலை நிமிர்ந்தது. மூடியிருந்த மொட்டுகூட வாயைப் பிளந்தது. வீடு முழுக்க வாசனை தூக்கியது. மறுபடியும் அவள் போன் வந்தது.

"பூ எப்படி இருக்கு?"

"நேத்து பறிச்ச மாதிரி இருக்கு!"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "இன்னுமா..?" போன் வைக்கப்பட்டது. அவள் மனசு இளகுகிறது என்று கொத்தனார் இன்னொரு சாக்கை நனைத்தார்.

ஏழாம் நாள் மச்சினன் வந்தான். பஸ் கண்டக்டர், பேச்சும் டிக்கெட் கிழிப்பது போலத்தான்.

"அக்காவுக்கு இன்னும் நாலு துணி வேணுமாம், மாமா."

கொத்தனார் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "இன்னும் துணியா? வா, வந்து பாரு. ஒரு இதழ் வாடியிருந்தா என்னை ஏன்னு கேளு!" என்று சாக்கை விலக்கினார்.

மச்சினன் பூவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மாமா, அக்காவுக்கு இந்த வாசனையே ஆகாது. தும்மித் தும்மி மூச்சு முட்டித்தான் எங்க வீட்டுக்கு ஓடி வந்தா. மனுஷன் முதல் தடவையா வாங்கிட்டு வந்தது, தூக்கிப் போடச் சொல்ல மனசு வரல, வாடினதும் போயிடறேன்னு ஏழு நாளா பையும் கையுமா உக்காந்திருக்கா. அந்தப் பூவைச் சாக்கோட சேத்துக் குப்பையில கொட்டிட்டு, சீருடைக்கு 'என் தப்புதான்'னு ஒரு வார்த்தை இன்னும் பாக்கி இருக்கு பாருங்க, அதை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."