மடவார் வளாகத்திலிருந்து ஒரு ரசிகர்

இதை நான் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எதையும் வாலிலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று வீட்டில் திட்டு வாங்குகிறவள். போதாததற்கு இதில் ஒரு சாவு வருகிறது. சாவைச் சொல்லும்போது யாராவது சிரித்துவிட்டால் அந்தப் பாவமும் என் தலையில்தான் விழும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உள்ளே வைத்திருந்தால் சோறு இறங்குவதில்லை.

என் பெயர் நாகஜோதி. ராஜபாளையத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி கம்பெனியில் பார்சல் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். முழங்கால் தேய்ந்துபோய் போன வருஷம் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

எங்கள் மகள் மாரிச்செல்விக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. பொங்கலுக்கு வந்தவள், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஓடுகிற, சுடுகிற விளையாட்டு இல்லை. கதை படிக்கிற விளையாட்டு. பொம்மைப் படம் வரும், கீழே எழுத்து வரும். கதையில் மிலி என்று ஒரு பெண். பத்து லட்சம் பேர் இன்டர்நெட்டில் தன்னைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. தினமும் அவள் என்ன செய்ய வேண்டும் என்று விளையாடுகிறவர் சொல்ல வேண்டும். தூங்கு என்று சொல்லலாம். சாப்பிடு என்று சொல்லலாம். கேமரா முன்னால் அழு என்றும் சொல்லலாம். அழச் சொன்னால் பார்க்கிறவர்கள் கூடுவார்கள். தூங்கச் சொன்னால் குறைவார்கள்.

மூன்றாம் நாள் அவள் மயங்கி விழுந்தாள். உடனே திரையில் கலர் காகிதம் பறந்தது. மேளம் அடித்தது. ‘வாழ்த்துகள்’ என்று எழுத்து வந்தது.

அந்த இடத்தில் விளையாடுகிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்களாம். என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

“ஏட்டி ஜோதி, பிள்ளை விழுந்துட்டா! தண்ணியக் கொண்டா!”

நானும் சொம்போடு ஓடினேன்.

இதையெல்லாம் மாரிச்செல்வி போனில் பிடித்து வெளியே போட்டுவிட்டாள். நல்லவேளை, நான் சொம்போடு வருவதற்குள் அவள் நிறுத்தியிருந்தாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அதே விளையாட்டை விளையாடிய பிள்ளைகள் எங்கிருந்தெல்லாமோ எழுதினார்கள். ‘நாங்கள் பத்து நிமிஷத்தில் அவளைக் கொன்றோம், இந்த அப்பா சோறு போடுகிறார்’ என்று ஒருத்தர். ‘இருபது தடவை விளையாடினேன், ஒரு தடவைகூட அவளைத் தூங்கச் சொல்லவில்லை, இப்போது வெட்கமாக இருக்கிறது’ என்று ஒருத்தர்.

அத்தோடு விட்டிருக்கலாம். மகள் ஊருக்குப் போன பிறகும் அவர் விடவில்லை. தினமும் காலையில் பவுடர் போட்டுக்கொண்டு, கவிழ்த்த இட்லிக் கொப்பரை மேல் போனைச் சாத்தி வைத்து, மிலியைத் திட்டிக்கொண்டே விளையாடினார். இருபத்தாறு வருஷமாக நான் வாய் திறந்து சொல்லாத அவர் பெயரை, முகம் தெரியாத பிள்ளைகள் ‘சங்கரலிங்கம் அப்பா’ என்று கூப்பிட்டார்கள். அவர் நடையே மாறிவிட்டது. முழங்கால் வலி இருக்கிறதா என்று கேட்டால் யோசித்துத்தான் சொன்னார்.

பிறகு அந்தப் பிள்ளைகளிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது. ‘அம்மா எங்கே?’

“ஞாயித்துக்கிழமை நீயும் உக்காரு. மிலிகிட்ட நீ பேசு” என்றார்.

“நான் எதுக்குங்க? அடுப்படியில வேலை கெடக்கு.”

“அடுப்படியையும் காட்டுவோம்.”

“எனக்குப் பேச வராதுங்க.”

“உனக்கா? கல்யாணம் ஆனதுல இருந்து நான் இடையில புகுந்து ஒரு வார்த்தை பேசுனதில்ல.”

“கும்பிட்டுக் கேக்கேன், வேண்டாங்க.”

“வாக்குக் குடுத்துட்டேன். அம்புட்டுப் பேரும் காத்திருக்காக.”

காரணத்தை அவரிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என் தாடையில் வெள்ளைத் திட்டு இருக்கிறது. கல்யாணமான மூன்றாம் வருஷம் வந்தது, இப்போது கழுத்துவரை இறங்கிவிட்டது. தெருவில் எல்லாருக்கும் பழகிவிட்டது. அவர் அதைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார், அவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அதுதான் இத்தனை வருஷம் என் நிம்மதி. ஆனால் அந்த மிலியின் மூக்கைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருந்தார்கள் தெரியுமா? பொம்மை மூக்கு. யாரோ வரைந்த மூக்கு. அதையே விடவில்லை. என் தாடையை விடுவார்களா? அவர்கள் எழுத, அதை அவர் படிக்க, அதற்குப் பிறகு நிமிர்ந்து என்னைப் பார்க்க… அந்தப் பார்வையை நினைத்துத்தான் பயந்தேன்.

பக்கத்து வீட்டு பியூலாவிடம் போய் அழுதேன். அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். போனில் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

“அண்ணன் உங்க பேச்சைக் கேக்க மாட்டாரு அக்கா. ஊரார் பேச்சைத்தான் கேப்பாரு. நாம ஊராராயிருவோம்” என்றாள்.

அவள் போனில் ஒரு கணக்கைத் திறந்தோம். பேர் வேண்டுமே என்றாள். என் பெரியம்மா வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். வாயில் அதுதான் வந்தது. ‘மடவார் வளாகத்துப் பெரியவர்’ என்று வைத்தோம். படத்துக்கு வைத்தியநாத சுவாமி கோயில் கோபுரம்.

பெரியவர் எழுதினார்: ‘தம்பி, உங்கள் பேச்சு அருமை. வீட்டம்மாவைக் காட்டாதீர்கள். பார்க்காதவரைதான் மரியாதை.’

என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

“பாத்தியா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பெரிய மனுஷன் என்னைப் பாக்காரு. உன்னைக் காட்ட வேண்டாங்காரு. எம்புட்டு விவரமான ஆளு!”

“நானும் அதைத்தானங்க சொன்னேன்.”

“நீ சொன்னதும் அவரு சொன்னதும் ஒண்ணாட்டி?”

ஞாயிற்றுக்கிழமை தப்பியது. அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ருசி கண்டுவிட்டேன். ‘தம்பி, பாத்திரம் கழுவிக்கொண்டே மிலிக்குப் புத்தி சொல்லுங்கள், பார்க்க நன்றாக இருக்கும்’ என்று பெரியவர் எழுதினார். மறுநாள் என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியடியில் நின்றார். பாராட்டு குவிந்தது. பெரியவர் தண்ணீர் பிடிக்கச் சொன்னார், பிடித்தார். வெங்காயம் உரிக்கச் சொன்னார், உரித்தார். கண்ணீர் வந்தது, மிலிக்காக அழுகிறார் என்று பிள்ளைகள் உருகினார்கள்.

ஒருநாள் தொட்டியடியில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பொம்மைக்குச் செய்ததை, நான் ஒருத்தி உயிருள்ள மனிதருக்குச் செய்துகொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து பெரியவர் கொஞ்சம் மாறினார். ‘தம்பி, மாத்திரை போட்டீர்களா? வெயிலில் போகாதீர்கள். உட்கார்ந்தே பேசுங்கள்’ என்று எழுதினார். வாயால் சொன்னால் கேட்காத மனிதர், மாத்திரையைக் கேமராவில் காட்டிவிட்டு விழுங்கினார்.

அதுவே வினையானது. அவருக்குப் பெரியவர் மேல் பாசம் வந்துவிட்டது.

“எங்கப்பாகூட எங்கிட்ட இப்படிக் கேட்டதில்ல, ஜோதி. ஞாயித்துக்கிழமை போய் அவர் கால்ல விழணும். நீயும் வா. உன்னைக் காட்டக் கூடாதுன்னு சொன்ன மனுஷரே உன்னைப் பாத்துட்டு, சரி தம்பி, காட்டுங்கன்னு சொல்லிட்டா? அங்கேயே லைவ் போட்டுருவோம்.”

பியூலாவிடம் ஓடினேன்.

“பெரியவரை ஊருக்கு அனுப்பிருவமா அக்கா? அமெரிக்கா, மகன் வீடு?”

“அங்க இருந்தும் எழுதச் சொல்லுவாக, ஏட்டி. இனிமே எழுதவே முடியாத எடத்துக்கு அனுப்பிரு.”

சொன்னது நான்தான். அவள் தட்டினாள்: ‘அப்பா காலமாகிவிட்டார். தம்பி வீட்டம்மாவை எப்போதும் காட்ட வேண்டாம் என்பதே அவர் கடைசியாகச் சொன்னது. இப்படிக்கு மகன்.’

“ஆமென் போட்டுரவா அக்கா?”

“அடிப் பாவி, அவரு சிவன் கோயில்காரரு!”

முடிந்தது என்று பெருமூச்சு விட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் வேட்டி மாற்றிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

“கெளம்பு. துட்டி கேக்கணும்.”

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் மன்னித்துவிடுவார்கள். சாவு என்று காதில் விழுந்த பிறகு துட்டி கேட்கப் போகாதவன் மனிதனே இல்லை. இது தெரிந்த நான், ஆளைக் கொன்றால் தப்பிக்கலாம் என்று எப்படி நினைத்தேன்?

“விலாசம் தெரியாதேங்க.”

“துட்டி வீட்டுக்கு விலாசம் எதுக்கு? பந்தல் தெரியும், கொட்டு கேக்கும்.”

பஸ்ஸில் அரை மணி நேரம். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான். வைத்தியநாதா, இன்றைக்கு உன் வளாகத்தில் யாரும் செத்திருக்கக் கூடாது. பந்தல் இல்லை என்றால் அலைந்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

இறங்கி இரண்டாவது தெருவில் பந்தல் போட்டிருந்தது. கொட்டும் கேட்டது.

உக்கிரபாண்டி என்று ஒரு பெரியவர். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முந்தின நாளே இறந்துவிட்டார். பட்டாளத்தில் இருக்கும் மகன் விஜயபாண்டி வந்து சேர வேண்டும் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மகன் விடியற்காலைதான் வந்தானாம். மரம் மாதிரி நின்றான். என் வீட்டுக்காரர் நேரே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பா தெனமும் எனக்கு எழுதுவாரு தம்பி.”

“எங்கப்பாவா? யாருங்க நீங்க? அவருக்குப் போன் பாக்கவே தெரியாதே.”

“உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும். கேளுங்க” என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பந்தலில் இருந்த அத்தனை ஆண்களும் கேட்க, நான் எழுதியதை ஒவ்வொன்றாக வாசித்தார். மாத்திரை போட்டீர்களா. வெயிலில் போகாதீர்கள். உட்கார்ந்தே பேசுங்கள். அந்த மகன் உதட்டைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. என் வீட்டுக்காரர் தோளில் சாய்ந்து கதறிவிட்டான்.

நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். இறந்தவரின் மனைவி வெள்ளத்தாய் ஆச்சியைக் கட்டிப்பிடித்து அழும் முறை எனக்கு வந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபடியே ஆச்சி காதில் கேட்டார்.

“எந்த ஊரு தாயி?”

“ராஜபாளையம், ஆச்சி.”

“வெளிய வாசிக்கது உம் புருஷனா? பாத்திரம் கழுவச் சொல்லி எங்க வீட்டுக்காரரு எழுதுனாருங்காரே.”

“ஆமா, ஆச்சி.”

“அவரு ஆயுசுல ஒரு தம்ளர் கழுவுனதில்ல.”

நான் ஆச்சியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

“மாத்திரை போட்டியான்னு வேற கேட்டாராமே. எனக்கு இருபது வருஷமா சுகர். ஒரு நாள் கேட்டதில்ல.”

சொல்லிவிட்டு என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். திட்டைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தார்.

“நீதானா?”

எனக்கு நிஜமான அழுகை வந்துவிட்டது. ஆச்சி என் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார்.

“வாயத் தெறக்காத. நல்லா அழு. எம் பிள்ளை வந்ததுல இருந்து ஒரு சொட்டு விடல. பயந்துபோய்க் கெடந்தேன். இப்பத்தான் விட்டிருக்கான். உம் புருஷன் இன்னும் கொஞ்ச நேரம் வாசிக்கட்டும்.”

திரும்பி வந்து தலை முழுகிவிட்டு அவர் சொன்னார்: “செத்தவர் கடைசி வார்த்தை, ஜோதி. ஆயிரம் பேர் கேட்டாலும் இனி உன்னைக் காட்ட மாட்டேன்.” நான் கும்பிட்டுக் கேட்டபோது கிடைக்காதது அது.

ஆனால் பயம் போகவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அந்த மகன் இவரை அழைத்திருந்தான். அப்பாவின் போன் எங்கே என்று அவன் தேடமாட்டானா? எழுதியது யார் என்று ஒருநாள் கேட்கமாட்டானா? இவரோ வீடியோ போடுவதை நிறுத்திவிட்டு, ஐயா போன பிறகு யாருக்காகக் கழுவ என்று தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

பதினாறாம் நாள் பியூலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆச்சிக்கு மகன் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருந்தான். ஆண்கள் பந்தியில் இருக்கும்போது, அடுப்படியில் வைத்து, பெரியவரின் கணக்கை அந்தப் போனில் ஏற்றிக் கொடுத்தோம். பியூலாவின் போனிலிருந்து அழித்தோம். இனி யார் வந்து தேடினாலும் பெரியவர் அவர் வீட்டிலேயே இருப்பார். பாதுகாப்புக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நேற்று அவர் போனோடு அடுப்படிக்கு ஓடி வந்தார். “ஐயா வீட்டம்மா எழுதியிருக்காக! பழைய வீடியோ எல்லாம் பாத்தாகளாம்!” என்று கண் கலங்க வாசித்தார்: ‘தம்பி, தோசைக்கல் அடியில் கரி அப்படியே இருக்கிறது. நன்றாகத் தேயுங்கள்.’

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்க்கிறார். சத்தியமாக, அதை நான் எழுதச் சொல்லவில்லை.