அறுபத்தையாயிரம் கதவுக்காரர்

உங்கள் தெருவிலும் ஒரு கதவுக்காரர் இருப்பார். கொசுவலைக்கு மேல் கொசுவலை அடித்து, மொட்டைமாடிக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, கேட்டுக்கு வந்த சொந்த மச்சானையே "யாரு, எங்கேர்ந்து, இன்னா விஷயம்?" என்று விசாரித்த பிறகுதான் தாழ்ப்பாளைத் தொடுவார். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபயர்வாலுக்கும் இதே வேலைதான். ஆனால் பதில் சரியாக இருந்தால் ஃபயர்வால் உள்ளே விட்டுவிடும்.

ஆவடி ஜெகதீசன் இந்த இனத்தில் முதல் தரம். கம்ப்யூட்டருக்கு அறுபத்தையாயிரத்துச் சொச்சம் போர்ட் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு கதவு மாதிரி என்று வீடியோவில் கேட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அத்தினி கதவு. ஒண்ணுத்துக்கும் பூட்டு இல்லியேம்மா," என்றார் மகள் அகல்யாவிடம்.

"அப்பா, பின்னாடி ஆள் இருந்தாத்தான் அது கதவு. ஆளே இல்லாத நம்பரை எவன் தட்னா நமக்கு இன்னா?"

கேட்பாரா? வைஃபை பெட்டியின் ஃபயர்வாலுக்குள் நுழைந்து, வருகிற வழி, போகிற வழி எல்லாவற்றையும் மூடினார். இணையப் பக்கங்கள் வந்துபோகும் 443-ஐயும் விடவில்லை. அங்கேதான் கூட்டம் அதிகமாம். சந்தேகம் வராதா? பெட்டியின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. அதை எம்சீல் வைத்து அடைத்தார்.

மறுநாள் காலை அகல்யாவுக்கு லேப்டாப்பிலேயே இன்டர்வியூ. நெட்வொர்க் வேலை. இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனில் டேட்டாவும் தீர்ந்திருந்தது.

"443-ஐ மட்டுமாவது தொறப்பா."

ஜெகதீசன் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போகப் பார்த்தார். வரவில்லை. அதற்குப் போகும் கதவையும் சேர்த்தே மூடியிருந்தார்.

"சரி, ரீசெட் பண்ணிக்கலாம். பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், ஊசியால குத்துனா எல்லாம் பழையபடி ஆய்டும்."

ஜெகதீசன் பெட்டியின் முதுகை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"அப்பா, ஓட்டை எங்க?"

"கல்லு மாதிரி கீதும்மா," என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

அகல்யா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு விஜியிடம் ஓடினாள். விஜி கேள்வியே கேட்காமல் பாஸ்வேர்டைச் சொல்லி, மிக்சியையும் நிறுத்தினாள்.

சற்று நேரத்தில் அதே வாசலில் ஜெகதீசன், கையில் போனுடன். மூடிய பெட்டியைத் திறப்பது எப்படி என்று வீடியோ பார்க்க வேண்டும். அதற்கு வைஃபை வேண்டும்.

கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று விஜி கேட்டாள்: "யாரு, எங்கேர்ந்து, இன்னா விஷயம் அண்ணாத்தே?"

உள்ளே அகல்யா, எந்தப் போர்ட்டை மூடவே கூடாது என்று யாருக்கோ தெளிவாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. அப்படியே உங்கள் வீட்டுப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டையைக் கண்டதும் கை எம்சீலைத் தேடினால், கேட்டுக்கு வெளியே உங்கள் மச்சான் இன்னும் நிற்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.